கோட்டுக்காரியின் மூன்று புள்ளி

அந்த விளையாட்டில் வருகிற மிருகம் எது என்பதில்தான் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. நான் மரநாய் என்றேன். நானா கீரி என்றார். டீச்சர் கரடிக்குட்டி என்றார். ஏப்ரன் கட்டிக்கொண்டு இரண்டு காலில் நின்று, பனி மூடிய ஒரு மலை ரயில் ஸ்டேஷனில் டீக்கடை நடத்துகிற மிருகம். கடைசியில் மரநாய் என்றே நிலைத்துப்போனது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, நான்தான் அதிகமாகக் கத்தினேன். விளையாட்டின் பெயர் ஜப்பான் எழுத்தில் இருந்தது. எங்களில் யாருக்கும் வாசிக்க வராததால் 'மரநாய்க் கடை' என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

நானா என்றால் என் முதலாளி. இலங்கை மலையகத்தில், நோர்வூட் பஜாரில் அவருடைய போன் கடையில் நான் ரிப்பேர் வேலை பார்க்கிறேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். முஸ்லிம் கடைக்காரர்களை இந்தப் பக்கம் எல்லோரும் நானா என்று கூப்பிடுவதுபோல நானும் கூப்பிடுகிறேன். டீச்சர், மேலே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு படிப்பிக்கிறவர். பள்ளிக்கூடம் விட்டதும் இறங்கி வந்து, எங்கள் கடைக்கு எதிரே பொகவந்தலாவை பஸ்ஸுக்கு நிற்பார்.

நான் அந்த விளையாட்டை எடுத்தது விளையாட அல்ல. உடைந்த டிஸ்பிளேயை மாற்றினால் டச் எல்லா இடத்திலும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அது தோதாக இருந்தது. கடைக்கு யார் வந்தாலும் மரநாய் முதலில் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். அதற்கு விரலைத் திரையின் மேலிருந்து கீழ்வரை நிதானமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் தலை மேசையில் இடித்து டீ கொட்டிவிடும். நடுவில் எங்காவது டச் செத்திருந்தால் மரநாய் பாதிக் குனிவிலேயே நின்றுவிடும். முதுகு பிடித்தவனைப்போல அது நிற்பதைப் பார்த்தே கோளாறு எந்த இடத்தில் என்று சொல்லிவிடுவேன்.

டீச்சருடைய போன் ஒரு மழைக்காலத்தில் நனைந்து வந்தது. காயவைத்து, துடைத்து, டிஸ்பிளே மாற்றி, மரநாயைக் குனியவைத்துப் பார்த்துவிட்டு, விளையாட்டை அழிக்க மறந்து கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் கடை வாசலில் குடையை மடக்கிக்கொண்டே வந்தார்.

"என் போன்ல ஒரு டீக்கடையத் தொறந்து வச்சிருக்கீங்க. மூட மறந்துட்டீங்களா?"

அழித்துத் தருகிறேன் என்று கையை நீட்டினேன்.

"வேணாம், இருக்கட்டும். அதுல ஒரு பொம்பள ரயில்ல ஏறாமயே நிக்குறா. ஏன்னு பாக்கணும்."

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரானோம். பஸ் எப்போதும் பிந்தும். பிந்துகிற நேரமெல்லாம் எங்கள் கடையில் பட்டிமன்றம்தான். நானா எதிர்க்கட்சி.

"ரயில் வந்தா வருது, வராட்டி இல்ல. இதப் பாக்க எதுக்கு போன்? ஹட்டன் ஸ்டேஷன்ல போய் நிண்டா போதாதா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. விளையாட்டு ஆமை வேகம். எதையும் தாண்டிப் போக முடியாது. வாடிக்கையாகத் துள்ளித் துள்ளி வருகிற ஒற்றைக்கால் குடைப்பேய் டீ குடித்து முடிக்கும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். திரையில் எப்போதும் பனி. முதல் நாள் நானா அதை அழுக்கு என்று நினைத்துச் சட்டை நுனியால் மூன்று தடவை துடைத்தார். உள்ளே வருகிற இங்கிலீஷும் எங்கள் கடை போர்டில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

ஆனால் அந்த மழைச் சத்தம்! தகரத்தில் விழுகிற மழை ஒரு மாதிரி, செடிமேல் விழுகிற மழை வேறு மாதிரி. விளையாட்டைச் செய்தவன் இரண்டையும் பிரித்துப் போட்டிருந்தான். அவன் தோட்டத் தொழிலாளர் லயத்துக் கூரைக்குக் கீழே படுத்திருக்காவிட்டாலும் ஏதோ ஒரு தகரத்துக்குக் கீழே படுத்தவன்தான் என்று நான் வாதாடினேன். ஸ்டேஷன் அப்படியே பட்டிப்பொல மாதிரி இருக்கிறது என்றேன். பட்டிப்பொலவில் பேசுகிற குடை இல்லையே என்றார் நானா. அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

எனக்கே சகிக்காத ஒரு குறை அதில் இருந்தது. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தேயிலைத் தோட்டம். மரநாய் கூடையோடு போய்க் கொழுந்து பறிக்கும். எப்படிப் பறிக்கும்? செடியைப் பிடித்து உருவும். முற்றல், தண்டு, பூ எல்லாம் கூடைக்குள் போகும், செடி மொட்டையாகும், 'மிக நன்று' என்று எழுத்து வரும். இதை அம்மாவிடம் காட்டினேன். அம்மா எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மலையில் கொழுந்து எடுப்பவர். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இதென்ன கீரையா? கவ்வாத்து வெட்டுன மாதிரில்ல ஆக்கி வச்சிருக்கு. இந்தக் கழுதைக்கு யாரு பேர் போடுவா?"

கவ்வாத்து என்றால் செடியைக் கிளையோடு வெட்டிவிடுவது; பேர் போடுவது என்றால் அன்றைய நாளை வேலை செய்த நாளாக எழுதுவது. அம்மாவின் தீர்ப்பை மறுநாள் கடையில் சொன்னபோது டீச்சர் சிரித்த சிரிப்பில் பஸ் போனதே தெரியவில்லை. விளையாட்டைச் செய்தது தனி ஒரு ஆள்தான். அவருக்கு நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஐயா, இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் எடுக்க வேண்டும், உங்கள் மரநாய்க்கு வேலை தெரியவில்லை என்று எழுதினேன். பதில் வந்தது: மன்னிக்கவும், நான் காப்பிதான் குடிப்பேன். அதை நாங்கள் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எது நடந்தாலும் நானா, "மன்னிக்கவும், நான் காப்பிதான்" என்பார்.

இனி கோட்டுக்காரி. ரயிலில் ஏறாமல் நிற்கிறாள் என்று டீச்சர் சொன்ன பெண் அவள்தான். நீளமான கோட்டு, கையில் ஒரு பை. கடைக்கு வருவாள். குனிந்து வணக்கம் சொன்னால் பதிலுக்குக் குனிவாள். பேச்சுப் பெட்டி திறக்கும். அதில் மூன்று புள்ளி மட்டும் இருக்கும்.

"…"

நானா அதைக் கோளாறு என்றார். எழுத்தை ஏற்ற மறந்துவிட்டார்களாம். நான் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன், ஜப்பான் விளையாட்டுகளில் இது வழக்கம், வாயைத் திறக்காமல் நிற்பவர்களுக்கு மூன்று புள்ளிதான் வசனம், அதைப் பார்த்துத்தான் இதைச் செய்தவனும் போட்டிருக்கிறான் என்று.

அவள் புள்ளி போட்டதும் நமக்கு இரண்டு வழி. ஒன்று, 'என்ன வேணும்?' என்று கேட்கலாம். இன்னொன்று, ஆவி பறக்கும் டீ கப் படம். அதை அமுக்கினால் மரநாய் ஒரு டீயை அவள் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் காத்திருக்கும். நான் முதல் தடவை கேட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் கப்பை அமுக்கினேன். ஒரு ரயில் போனது. இன்னொரு ரயில் போனது. பிறகு அவள் சொன்னாள்: இன்று பனி நன்றாக இருக்கிறது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அதன்பிறகு நான் கேட்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் கப்பை அமுக்கினேன், ஒவ்வொரு நாளும் ஒரு வரி கிடைத்தது. இந்த விளையாட்டின் அழகே இதுதான், எதையும் தோண்டித் துருவக்கூடாது, பக்கத்தில் இருந்தால் போதும் என்று கடையில் பெரிய பிரசங்கமே செய்தேன்.

"யாவாரம் செய்றவன் என்ன வேணும்ண்டு கேக்காம எப்பிடி?" என்றார் நானா. "அவ நிண்டுக்கிட்டே ஈக்கிறா, இவன் பாத்துக்கிட்டே ஈக்கிறான். ரெண்டும் பைத்தியம்."

"நீங்க என்ன பண்ணுனீங்க டீச்சர்?" என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு என் கட்சியைப் பேசவே நேரம் போதவில்லை.

எனக்கு டீச்சரைப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, ரொம்பவே பிடித்திருந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கினால் சால்டரிங் வேலையை ஓரமாக வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவருக்கும் என்மேல் ஏதோ இருக்கிறது என்று தோன்றும். பஸ் வந்தாலும் வாதம் முடியாமல் ஏறமாட்டார், கண்டக்டர் சிங்களத்தில் சத்தம் போடுவான். சொல்லாமலே இரண்டு பேருக்கும் தெரியும் என்று நான் நம்பினேன். எதற்கு அவசரம் என்றும் நினைத்தேன்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், கடை சாத்துகிற நேரம், டீச்சரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது.

"ஞாயித்துக்கெழம டயகமவுல இருந்து வாறாங்க. என்னப் பொண்ணு பாக்க."

பயத்தில் என்ன எழுதுவது என்று விழித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது.

"..."

மூன்று புள்ளி.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குப் பயம் போய்விட்டது. இது எங்கள் பாஷை. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். தோண்டக்கூடாது, பக்கத்தில் இருக்க வேண்டும், அவராகச் சொல்லுவார். படங்களில் தேடி, ஆவி பறக்கும் டீ கப்பை எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. நான் காத்திருந்தேன்.

ஞாயிறு வந்து போனது. திங்கட்கிழமை டீச்சர் கடைப் பக்கம் திரும்பாமல் பஸ்ஸில் ஏறினார். செவ்வாயும் அப்படியே. என் முகத்தைப் பார்த்துவிட்டு நானா என்ன விஷயம் என்று பிடித்துக்கொண்டார். போனைக் காட்டினேன். வாசித்தார். மறுபடி வாசித்தார்.

"பொண்ணு பாக்க வாறாங்கண்டு அந்தப் புள்ள சொல்லுது, நீ தேத்தண்ணி அனுப்பி ஈக்கிறியா?"

"நானா, அது தேத்தண்ணி இல்ல. காத்திருக்கேன்னு அர்த்தம்."

"யாருக்கு அர்த்தம்? மரநாய்க்கா?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பிஸ்கட்டும் வச்சு அனுப்பி ஈக்கலாமேடா" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நானா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே நான் மட்டும் இருந்தேன். பள்ளிக்கூடம் அன்று நேரத்தோடு விட்டிருக்க வேண்டும், டீச்சர் குனிந்து உள்ளே வந்தார். வணக்கம், என்ன, எப்படி என்று ஒன்றுமில்லை. போனை மேசையில் வைத்து மரநாய்க் கடையைத் திறந்தார்.

அவருடைய ஸ்டேஷனில் கோட்டுக்காரி இல்லை.

"எங்க அவ?" என்றேன்.

"போயிட்டா. நான் கேட்டேன். மொத நாளு கேட்டேன், பையத் தூக்கிட்டுப் போயிட்டா. மறுநாளும் கேட்டேன், போயிட்டா. மூணாவது நாளும் கேட்டேன்."

"கேட்டா?"

"பையக் கீழ வச்சுட்டா. அப்புறம் பேசுனா பாருங்க, பெட்டி பெட்டியா. எங்கயோ போக டிக்கெட் எடுத்தாளாம். வழியில எல்லாரும் வழி விட்டாங்களாம், இடம் குடுத்தாங்களாம், டீ குடுத்தாங்களாம். என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலயாம். ஒரே ஒருத்தர் விட்டுடாமத் திருப்பித் திருப்பிக் கேட்டா போதும், அதுக்குத்தான் இந்த ஸ்டேஷன்ல எறங்குனேன்னு சொல்றா. சொல்லிட்டு அடுத்த ரயில்ல ஏறிட்டா."

எத்தனையோ நாள் விளையாடியும் எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பனியைப் பற்றிய வரிகள்தான். ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. வாதாடியே பழகிய வாய் சும்மா இருக்குமா?

"பாருங்க டீச்சர், உங்க கேம்ல அவ போயிட்டா. என் கேம்ல இன்னும் இருக்கா."

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இருந்து?"

வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"உங்களுக்கு என்ன வேணும் டீச்சர்?"

அவர் போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போய்விட்டார்.

மனது உடைந்திருக்க வேண்டும். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். முதல் தடவை கேட்டால் பையை எடுத்துக்கொண்டு போவாள், அவரே இப்போதுதானே சொன்னார்! மறுநாள் சனிக்கிழமை, அதே கேள்வியை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். பதில் மூன்று புள்ளியாக வந்தபோது எழுந்து நின்று கையைத் தட்டினேன். எல்லாம் விளையாட்டில் உள்ளபடியே நடக்கிறது. ஞாயிறு முழுக்க நான் தரையில் நிற்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்பே பஸ் ஹோல்ட்டில் போய் நின்றேன். இஸ்திரி போட்ட சட்டை. டீச்சர் இறங்கி வந்தார், என்னைப் பார்த்ததும் நடை கொஞ்சம் தளர்ந்தது.

"உங்களுக்கு என்ன வேணும் டீச்சர்?" என்றேன். "மூணாவது தடவ கேக்குறேன்."

அவர் பையைச் சிமெந்துக் கட்டின்மேல் வைத்தார்.

"டயகமவுல இருந்து வந்தவரு அன்னிக்கே கேட்டாருங்க" என்றார். "வீட்டு ஆளுங்க எல்லாம் உள்ள பலகாரம் தின்னுக்கிட்டு இருக்கையில, வாசல்ல நின்னு கேட்டாரு. ஊருக்காக வேணாம், ஒங்களுக்கு விருப்பமா, ஒங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்கன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மொதல்ல ஒண்ணும் சொல்லல."

"அப்புறம்?"

"அவரு டீ குடிக்கப் போகல. திருப்பிக் கேட்டாரு." பிறகு ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "நான் ஒங்களுக்குத்தான் மொதல்ல சொன்னேன். புதன்கெழம. வர வேணாம்னு சொல்லுங்கன்னு நீங்க ஒரு வார்த்த எழுதுவீங்கன்னு போனையே பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப நான் சரின்னுட்டேங்க. அந்த மனுசனுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

சனிக்கிழமை அனுப்பிய மூன்று புள்ளி என்ன என்று நான் கேட்கவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் போட்டிருப்பார். பஸ் வந்தது. டீச்சர் பையை எடுத்துக்கொண்டு ஏறினார். அழுகை வந்தது, இஸ்திரி போட்ட சட்டையோடு ரோட்டில் நின்று அழ வெட்கமாக இருந்தது, கடைக்குள் போய் யாருடைய போனையோ பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நானா அன்று ஒரு வார்த்தை கிண்டல் பேசவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரமே என் ஸ்டேஷனிலும் கோட்டுக்காரியைக் கேட்டேன். போனாள், மறுபடி கேட்டேன், போனாள், மறுபடி கேட்டேன். டீச்சர் சொன்ன கதையை எழுத்து மாறாமல் சொல்லிவிட்டு ரயிலேறினாள். விளையாட்டைச் செய்தவன்மேல் எனக்கு ஒரே ஆத்திரம். கேட்பதற்குத்தான் கதை என்றால் அந்தக் கப் படத்தை எதற்கு வைத்தான்? காத்திருக்கிறவனுக்குத் தினமும் ஒரு வரியை எதற்குக் கொடுத்தான்? ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேனே. இந்தக் குறையை அவனுக்கு எழுதிப்போடலாம் என்று தொடங்கி, அவன் காப்பி குடிப்பவன் என்பது நினைவுக்கு வந்து விட்டுவிட்டேன்.

தை மாதம் டயகமவில் கல்யாணம். டீச்சர் கடைக்கு வந்து இருவருக்கும் பத்திரிகை வைத்தார். போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். நானா விடவில்லை, அவருடைய வேனில் அக்கரப்பத்தனை வழியாகப் பனிக்குள் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். டீச்சர் பச்சைப் பட்டில் நன்றாக இருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் கொஞ்சம் குனிந்தார். நானும் குனிந்தேன்.

பந்தியில் நானும் நானாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். சாம்பார் முடிந்து ரசத்துக்கு வந்த நேரம், மாப்பிள்ளை மாலையோடு பந்திப் பக்கம் வந்தார். ஒவ்வொருவர் இலையையும் பார்த்துக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. நல்ல மனுசன் என்று பார்த்தாலே தெரிந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"என்னங்க, எல வெறுமனே இருக்கு? என்ன வேணும்? கூச்சப்படாமக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க."

நானா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைச் சோற்றுக்குள் புதைத்துக்கொண்டார்.

அப்பளம் வேணும் என்றேன். உடனே வந்தது.